ஜெபச் சங்கிலியில் கடைசிப் பெயர்

எங்கள் சபையில் பாவ அறிக்கை என்பது ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு இருநூறு பேர் சேர்ந்து சத்தமாகச் சொல்வது. இருநூறு பேர் ஒரே மூச்சில் சொல்லும்போது யாருடைய பாவமும் தனியாகத் தெரியாது. அதுதான் அதிலுள்ள வசதி. அதைச் சொல்லிக்கொண்டே, வீட்டில் குக்கரை அணைத்தேனா இல்லையா என்று யோசித்திருக்கிறேன்.

புதிதாக வந்த ஐயர் அந்த வசதியில் கை வைத்தார். நாங்கள் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசுக் காலமான லெந்து தொடங்கிய ஞாயிறு, அறிவிப்புகளின் கடைசியில் சொன்னார்: "புதன்கிழமைகள்ல சாயங்காலம் நாலுல இருந்து ஆறு வரைக்கும் ஆலயத்துல இருப்பேன். தனியா பாவ அறிக்கை செய்யணும்னு நினைக்கிறவங்க வரலாம். கட்டாயம் இல்ல. ஆனா தேவைப்படுறவங்களுக்கு நம்ம மரபுலயும் இது உண்டு."

சபையே ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டது. நாங்கள் ஆங்கிலிக்கன் வழியில் வந்தவர்கள். குருவானவர் காதில் பாவத்தைச் சொல்வதெல்லாம் கத்தோலிக்கரான ஆர்.சி.க்காரர்கள் செய்வது என்றுதான் சிறு வயதிலிருந்து எங்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். வெளியே வந்ததும் சபைச் செயலாளர், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், "அடுத்து ஒரு பொட்டி செஞ்சு வெச்சுடலாமே, திரை போட்டு" என்றார். எல்லாரும் சிரித்தோம். நான் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தேன். அந்த அறிவிப்பைக் கேட்ட கணத்தில் எனக்கு யாருடைய முகம் ஞாபகத்துக்கு வந்தது என்பது எனக்குத் தெரியும்.

அவள் என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். பாடகர் குழுவில் நாங்கள் இருவரும் ஆல்டோ, பெண்களில் கீழ்க்குரல். இருபது வருஷத்துக்கு மேலாக ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துப் பாடுகிறோம். மேடவாக்கத்தில் ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர். நாற்பத்து மூன்று வயது, கல்யாணம் ஆகவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனைக்கு முன் கைப்பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து, "தொண்டைக்கு நல்லதுக்கா" என்று எனக்கு இரண்டு கற்கண்டு கொடுப்பாள்.

அவளுக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்பது எனக்குத் தெரியும். என்னால்தான் ஆகவில்லை.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் நாகர்கோவிலிலிருந்து அவளுக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை வங்கி வேலை. எங்களில் ஜாதகம் கிடையாது. அதற்குப் பதிலாக விசாரிப்பு. மாப்பிள்ளையின் அம்மா சேலையூரில் என் வீட்டுக்கு வந்து, பெண் எப்படி என்று கேட்டார். அதற்கு முந்தின நாள்தான் கிறிஸ்துமஸ் கேரலில் எனக்கு என்று நான் நினைத்துக்கொண்டிருந்த சோலோவை, தனியாகப் பாடும் பகுதியை, அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். காப்பி டம்ளரை நீட்டிக்கொண்டே சொன்னேன்: "நல்ல பொண்ணுதான். என்ன, அப்பப்போ மயங்கி விழும். வலிப்பா என்னன்னு தெரியல."

ஒரே ஒரு தடவை மயங்கி விழுந்தாள், அதுவும் பெரிய வெள்ளிக்கிழமை மூன்று மணி நேர ஆராதனையில், பட்டினி இருந்து. தண்ணீர் தெளித்து எழுப்பினவளே நான்தான். வலிப்பு இல்லை என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்? அந்த வரன் போயிற்று. பிறகு வந்ததெல்லாம் விசாரித்ததோடு நின்றுபோயின. அந்தச் சோலோவையாவது நான் பாடினேனா என்றால், அதுவும் இல்லை.

லெந்தின் நான்காவது புதன்கிழமை போனேன். முப்பது வருஷம் டீச்சராகப் பிள்ளைகளை முட்டி போட வைத்தவள், போன வருஷம்தான் ஓய்வு பெற்றவள், முட்டி போடப் போனேன். பெட்டியும் இல்லை, திரையும் இல்லை. திருவிருந்துக்கு முழங்கால்படியிடும் அந்தக் கிராதி ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் ஐயர் வெள்ளை அங்கி, தோளில் ஊதாப் பட்டையோடு, முகத்தைப் பலிபீடத்தின் பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தார். அவருடைய ஒரு காது மட்டும்தான் என் பக்கம் இருந்தது. சொன்னேன். சோலோவைச் சொல்லும்போதுதான் அழுகை வந்தது, வலிப்பைச் சொல்லும்போது வரவில்லை. அதையும் சொன்னேன்.

அவர் நீளமாக ஒன்றும் பேசவில்லை. சம்பந்தப்பட்டவரிடம் என்ன செய்ய வேண்டும் என்று யோசித்து ஜெபிக்கச் சொன்னார். பிறகு எழுந்து என் தலைமேல் கையை வைத்துப் பாவவிமோசனம் சொன்னார். இருநூறு பேருக்குச் சொல்லும் அதே மன்னிப்பு அன்று எனக்கு ஒருத்திக்கு மட்டும் சொல்லப்பட்டது. அதோடு முடிந்தது என்று எழப் போனேன். அப்போது அவர் தணிந்த குரலில் சொன்னார்: "சமாதானத்தோட போங்க. எனக்காகவும் ஜெபம் பண்ணுங்க. நானும் ஒரு பாவிதான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் பாவத்தைக் கேட்டுவிட்டு, இவர் எதற்குத் தன் பாவத்தைச் சொல்கிறார்? வெளியே வரும்போது என்னுடையதை மறந்தே போனேன். அவருடைய முகம் வாடியிருந்ததா? மனைவி வேறு ஊரில் கல்லூரியில் வேலை, மாசத்துக்கு இரண்டு தடவைதான் வருகிறார். மனிதர் ஏதோ பெரிய கஷ்டத்தில் இருக்கிறார், என்னிடம் வாய்விட்டுக் கேட்டிருக்கிறார் என்று முடிவு கட்டினேன். ஒருவர் ஜெபிக்கச் சொல்லிவிட்டால் அதை உடனே பத்துப் பேருக்குச் சொல்லிவிடுவது எங்கள் வளர்ப்பு.

எங்கள் பெண்கள் ஐக்கியத்தில் ஜெபச் சங்கிலி என்று ஒன்று உண்டு. பதினொரு பெயர் கொண்ட ஒரு பட்டியல். விண்ணப்பம் முதலில் ஐக்கியத்தின் செயலாளருக்கு வரும், அதாவது எனக்கு. நான் அடுத்த பெயருக்குப் போன் செய்வேன், அவர் அடுத்தவருக்கு. கடைசிப் பெயர் என்னைத் திரும்பக் கூப்பிட்டு, சங்கிலி முடிந்தது என்று சொல்ல வேண்டும். விண்ணப்பத்தை யார் கொடுத்தது என்று யாரும் கேட்கக் கூடாது, நானும் சொல்லக் கூடாது. இது விதி.

அன்று சாயங்காலமே அடுத்த பெயருக்குப் போன் செய்தேன். "நம்ம ஐயருக்காக விசேஷமா ஜெபிக்கணும். தானும் ஒரு பாவி, எனக்காக ஜெபம் பண்ணுங்கன்னு சொல்லியிருக்காரு. வேற எதுவும் கேக்காதீங்க."

வேறு எதுவும் கேட்காதீர்கள் என்றால் நம் ஆட்கள் என்ன செய்வார்கள் என்று முப்பது வருஷம் வகுப்பு எடுத்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

மறுநாள் சாயங்காலம் கடைசிப் பெயர் கூப்பிட்டது. கடைசிப் பெயர் அவளுடையதுதான். கல்யாணமாகாதவர்களை எங்கள் ஐக்கியத்தில் சேர்ப்பதில்லை என்று ஒரு வழக்கம் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்தான் அதைத் தளர்த்தினோம். கடைசியாகச் சேர்ந்தவள் அவள்.

"அக்கா, சங்கிலி முடிஞ்சுதுக்கா. ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"ஐயருக்கு வேற யாரோடயோ பழக்கமாம். அவரே அழுது ஒத்துக்கிட்டாராம். அதனாலதான் அவங்க வீட்டம்மா இங்க சரியா வர்றதே இல்லையாம். இதையாக்கா நீங்க சொன்னீங்க?"

ஒரு நாளில், பத்து வாயில். டிவி பார்த்துக்கொண்டிருந்த என் கணவர் திரும்பி யாரென்று கேட்டார். பாடகர் குழு விஷயம் என்றேன்.

"இல்லம்மா, நான் அப்படிச் சொல்லவே இல்ல."

"எனக்கும் நம்பிக்கை வரலக்கா. ஜெபிச்சேன், ஆனா நம்பல" என்று சொல்லி அவள் போனை வைத்தாள்.

நம்பாதவள் அவள் ஒருத்திதான். ஞாயிற்றுக்கிழமை திருவிருந்தில், அப்பமும் ரசமும் வாங்க, முதல் நாலு வரிசையில் பாதிப் பேர் எழுந்து போகவே இல்லை. கிண்ணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஐயர் காத்து நின்றார், இனி யாரும் வரப்போவதில்லை என்று புரிந்த பிறகும் காத்து நின்றார்.

திங்கட்கிழமை ஆறு மணிக்கு வெஸ்ட்ரியில் சபைக் கமிட்டி கூடியது. ஐயர் அங்கி மாட்டுகிற அந்தச் சின்ன அறையில், நீள மேசையைச் சுற்றி என்னோடு சேர்த்து எட்டுப் பேர். பெண்கள் ஐக்கியச் செயலாளர் என்பதால் நானும் உறுப்பினர்.

"ஐயா, நேராவே கேக்கறேன்" என்றார் சபைச் செயலாளர். "நான் ஒரு பாவி, எனக்காக ஜெபம் பண்ணுங்கன்னு யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"யார்கிட்ட?"

"அதைச் சொல்ல மாட்டேன்."

"எதுக்காகச் சொன்னீங்க?"

"அதையும் சொல்ல மாட்டேன் சார்."

மேசைமேல் இருந்த மெழுகுவர்த்திப் பெட்டியைப் பார்த்தே பதில் சொன்னார். ஒரு தடவைகூட என் பக்கம் பார்க்கவில்லை. தெரியாமல் பார்வை படுவது என்று ஒன்று உண்டே, அதுகூட இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது: இந்த மனிதர் என்னைப் பார்க்காமல் இருப்பதற்குப் பாடுபடுகிறார்.

செயலாளர் என் பக்கம் திரும்பினார். "அம்மா, உங்களுக்கு இது யார் மூலமா வந்துச்சு?"

இப்போது சொல்லியிருக்கலாம். "சங்கிலிக்கு வர்ற விண்ணப்பத்தை யார் கொடுத்ததுன்னு சொல்றது வழக்கமில்லைங்களே சார்" என்றேன். எதிரே உட்கார்ந்திருந்த உறுப்பினர் ஒருவர், டாக்டர், "அதான் சரி. அம்மா விதியை மதிக்கிறாங்க" என்று தலையாட்டினார். பாராட்டு! எனக்கு!

பேராயருக்குக் கடிதம் எழுதுவது என்றும், சனிக்கிழமை எல்லாரும் அதில் கையெழுத்துப் போடுவது என்றும், பெரிய வெள்ளி ஆராதனைக்கு வேறு ஒரு போதகரை அழைப்பது என்றும் முடிவாயிற்று. ஐயர், "சரி" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை ஐயர் குடியிருக்கும் பார்சனேஜுக்குப் போனேன். அவரே கதவைத் திறந்தார்.

"ஐயா, அன்னிக்கு நீங்க என்கிட்ட…"

"என்னிக்கும்மா?"

"புதன்கிழமை. நான் வந்தேனே."

அவர் முகத்தில் ஒன்றுமே அசையவில்லை. "புதன்கிழமை யார் வந்தாங்க, வரலங்கறதை நான் பேசறதில்லம்மா. வந்தவங்ககிட்டயே பேசறதில்ல." பிறகு உள்ளே போய் ஒரு மெல்லிய அச்சுப் பிரதியை எடுத்து வந்து கொடுத்தார். "அந்த முறைமை என்னன்னு தெரிஞ்சுக்கணும்னு யாராவது கேட்டா இதைக் கொடுக்கறது உண்டு. வாங்க, காப்பி குடிச்சிட்டுப் போகலாம்."

காப்பி வேண்டாம் என்று வந்துவிட்டேன். ஷேர் ஆட்டோவில் நாலு பேருக்கு நடுவே ஒடுங்கி உட்கார்ந்து பிரதியைப் பிரித்தேன். நாலே பக்கம். கடைசிப் பக்கத்தில் பாவவிமோசனம். அதற்குக் கீழே, அறிக்கை செய்தவரைக் குருவானவர் சமாதானத்தோடு அனுப்பிவிட்டு, தானும் பாவியாகையால் தனக்காக ஜெபிக்கும்படி கேட்டுக்கொள்ள வேண்டும் என்று அச்சில் இருந்தது.

அச்சில். எல்லாருக்கும். யார் வந்து மண்டியிட்டாலும் அவர் அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கஷ்டமும் இல்லை, அழுகையும் இல்லை, எந்தப் பெண்ணும் இல்லை. முறைமையின் கடைசி வரியை நான் ஒரு மனிதனின் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டு ஊருக்குக் கொடுத்திருக்கிறேன். தனி அறிக்கை என்பதையே பார்த்திராத சபையில் வளர்ந்தவளுக்கு அந்த வரி தெரிந்திருக்க வழியில்லைதான். ஆனால் அவர் இந்த நாலு பக்கத்தைக் கமிட்டி மேசையில் வைத்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். வைத்திருந்தால், யாரோ அறிக்கை செய்யப் போயிருக்கிறார்கள் என்று தெரியும். அந்தப் பேச்சு என்னிடமிருந்து கிளம்பியது என்று எல்லாருக்கும் தெரியும். இரண்டையும் கூட்டிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? என்னைக் காட்டிக்கொடுக்க முடியாமல்தான் அந்த மனிதர் தன் பேரைப் பலி கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

"இன்னா மேடம், கேம்ப் ரோடு வந்துச்சு, எறங்கலியா? பின்னாடி வண்டி நிக்குது பாரு" என்று டிரைவர் கத்தினார். எத்தனை நேரமாக ஆட்டோ நின்றுகொண்டிருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

கமிட்டியில் சொல்லியே ஆக வேண்டும். நான் அறிக்கை செய்யப் போனேன் என்றால் எதற்கு என்று கேட்பார்கள். அதை அவர்கள் கேட்பதற்கு முன்னால் அவள் கேட்டாக வேண்டும். சனிக்கிழமை குருத்தோலை ஞாயிறுக்கான பாட்டுப் பயிற்சி ஐந்து மணிக்கு. அவளை நாலரைக்கே வரச் சொன்னேன். ஆலயத்துக்குப் பின்னால், வண்டி நிறுத்துகிற தகரக் கொட்டகையில் நின்றோம்.

"நாகர்கோவில் வரன் ஒண்ணு வந்துதே, பேங்க் மாப்பிள்ளை, ஞாபகம் இருக்கா?"

"ம்."

"அவங்கம்மா என் வீட்டுக்கு விசாரிக்க வந்தாங்க. நான்தான் அவங்ககிட்ட…"

அந்த நேரம் பார்த்து விமானப்படைத் தளத்திலிருந்து ஒரு விமானம் தலைக்கு மேலே போயிற்று. பாதி வாக்கியத்தோடு நின்றேன். அவள் பொறுமையாக என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள், வழக்கமான சிரிப்போடு. சத்தம் அடங்கியதும் மீதியைச் சொன்னேன். முழுவதையும்.

அவள் முகம் வெளிறிவிட்டது. "ஏங்க்கா?" என்றாள்.

"கிறிஸ்துமஸ் கேரல்ல சோலோவை உனக்குக் கொடுத்துட்டாங்கன்னு."

"எந்த சோலோ?"

சொன்னேன். புருவத்தைச் சுருக்கி யோசித்தாள். "அதை நானா பாடினேன்? ஞாபகமே இல்லக்கா."

அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

"ஒவ்வொரு இடமும் தட்டிப் போகும்போது எங்கப்பா தேவ சித்தம் இல்லம்மா, தேவ சித்தம் இல்லம்மாம்பாரு" என்றாள். "சாகிற வரைக்கும் அதைத்தான் சொன்னாரு."

நான்தான் அந்த தேவ சித்தம். அவள் அதைச் சொல்லவில்லை, ஆனால் இருவருக்கும் கேட்டது. ஐயருடைய விஷயத்தையும் சொன்னேன், அந்த அச்சுப் பிரதியைக் காட்டினேன். வாங்கி, கடைசிப் பக்கத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, பாட்டுப் பயிற்சிக்கு உள்ளே போய்விட்டாள். நான் போகவில்லை.

ஆறரைக்குக் கமிட்டி. கடிதம் தட்டச்சு செய்து தயாராக மேசையில் இருந்தது. நான் எழுந்து நின்று சொன்னேன்: "அறிக்கை செய்யப் போனது நான். ஐயர் அந்த வார்த்தையைச் சொன்னது என்கிட்ட. அது முறைமையில இருக்கற வார்த்தை. எனக்குத் தெரியாம நான் சங்கிலியில போட்டுட்டேன்."

எல்லாரும் ஐயரைப் பார்த்தார்கள். "ஐயா, இவங்க வந்தாங்களா?"

"சொல்ல மாட்டேன்" என்றார் ஐயர்.

"ஐயா!" என்று கத்தியேவிட்டேன். "நானே சொல்லிட்டேனே. நான் உங்களுக்கு அனுமதி தர்றேன்."

அவர் தலையை மட்டும் அசைத்தார். அந்தக் கிராதி ஓரத்தில் கேட்டதை நானே வந்து கேட்டாலும் வெளியே எடுக்க மாட்டார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. இப்படியும் ஒரு பிடிவாதம் உண்டா என்று திகைத்துப் போனேன்.

செயலாளர் கனிவாகச் சிரித்தார். "அம்மா, நீங்க நல்ல மனசுல ஐயரைக் காப்பாத்தப் பாக்கறீங்க. எங்களுக்குப் புரியுது. அப்படி என்ன பெரிய பாவம் நீங்க பண்ணிட்டீங்க, தனியா போய்ச் சொல்ற அளவுக்கு?" இரண்டு பேர் சிரித்தார்கள். டாக்டர் பேனாவைத் திறந்தார்.

பாவம் என்னுடையது, ஆனால் அதில் இருக்கும் பெயர் அவளுடையது. அதை அவளைக் கேட்காமல் எப்படி இந்த மேசையில் எடுத்து வைப்பேன்? உண்மையைச் சொல்லியும் நம்ப ஆளில்லை. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் பொய்யைச் சொன்னபோது உடனே நம்பினார்களே என்று நினைத்தேன்.

"அவங்க சொல்றது நிஜம்தான் சார்."

பாட்டுப் புத்தகங்களை அலமாரியில் அடுக்க வந்தவள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். நெஞ்சோடு அணைத்த புத்தகங்களைக் கீழே வைக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

"அவங்க அறிக்கை செஞ்ச பாவம் எனக்குச் செஞ்சது. இன்னிக்கு சாயங்காலம் என்கிட்டயும் சொன்னாங்க" என்றாள். "எனக்கு வலிப்பு கிடையாது சார். என்னிக்கும் இருந்ததில்ல."

என்ன வலிப்பு என்று யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. யாரும் ஆச்சரியப்படவுமில்லை. எட்டுப் பேர் இருந்த அந்த அறையில் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டார்கள். செயலாளருக்குத் தம்பி மகன் ஒருவன் உண்டு, ஒரு காலத்தில் அவளுக்குப் பேசினார்கள் என்று கேள்வி. டாக்டர் பேனாவை மூடினார். டாக்டர்! அவரும்கூட நம்பியிருக்கிறார். அத்தனை வருஷமும் அந்தப் பேச்சு அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. தெரியாதவள் அவள் ஒருத்திதான். அதை அந்த நிமிஷத்தில் அவளும் தெரிந்துகொண்டாள். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடிதத்தில் யாரும் கையெழுத்துப் போடவில்லை. பெரிய வெள்ளி மூன்று மணி நேர ஆராதனையை ஐயரே நடத்தினார். புதன்கிழமைகளில் பிளாஸ்டிக் நாற்காலி இப்போதும் கிராதி ஓரம் கிடக்கிறது, இப்போது சிலர் போகிறார்கள். மன்னிப்பு எனக்கு ஏற்கெனவே கிடைத்துவிட்டது, அதில் சந்தேகமில்லை; ஐயர் என் தலைமேல் கை வைத்துச் சொன்னார். அவள் அதைச் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. ஆல்டோ வரிசையில் எனக்கும் அவளுக்கும் நடுவே இப்போது மூன்று பேர் நிற்கிறார்கள்.

ஜெபச் சங்கிலியில் ஒரு மாற்றம் செய்தோம். விண்ணப்பத்தை வார்த்தை மாறாமல் எழுதி வைத்துக்கொண்டுதான் அடுத்தவருக்கு வாசிக்க வேண்டும். போன வாரம் ஒரு அறுவை சிகிச்சைக்காக அனுப்பியது மறுநாள் கடைசிப் பெயரிடமிருந்து திரும்பி வந்தது. நான் கொடுத்ததை அப்படியே வாசித்தாள், ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை. "சங்கிலி முடிஞ்சுது" என்றாள். அவள் போனை வைத்த பிறகும் நான் ரிசீவரைக் காதில் வைத்தபடி நின்றேன், அவள் 'அக்கா' என்று சொல்வாள் என்று.